சிவப்பு வண்டி, மஞ்சள் வண்டி

காரைக்குடிக்கு விமான நிலையம் கிடையாது. ஆனாலும் எந்த விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்டால் சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் எப்போதும் ஆள் உண்டு. பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்தாலும் பினாங்கிலோ ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ பிள்ளைகள் இருக்கிற வீடுகள் இருக்கும். அவர்களை ஏற்றிவிட ஒரு கார் வேண்டும், கூட்டிவர ஒரு கார் வேண்டும். அந்தக் கார்களில் ஒன்றை ஓட்டியவர் என் அப்பா.

திருச்சி விமான நிலையம் எங்களுக்குச் சுமார் 90 கிலோமீட்டர். புதுக்கோட்டைச் சாலையிலேயே, நகரத்துக்கு இந்தப் பக்கமாக இருப்பதால் திருச்சி நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. மதுரையும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஆனால் அங்கே விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, அந்தப் பக்கம். ரிங் ரோட்டில் சுற்றிக்கொண்டு போகணும். அதனால் அப்பாவின் டைரியில் திருச்சி என்றால் ‘ஏர்போர்ட் ட்ரிப்’, மதுரை என்றால் வெறும் ‘மதுரை ட்ரிப்’.

அப்பாவுக்கு விமானக் கம்பெனிகளின் பெயர் வாயில் நுழையாது. நுழைய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவருக்கு எல்லாம் வண்டிதான். ஏர் ஏசியா சிவப்பு வண்டி. ஸ்கூட் மஞ்சள் வண்டி. அதற்கு முன்னால் வந்த டைகர், புலி வண்டி. ஸ்ரீலங்கன், மயில் வண்டி. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், படம் போட்ட வண்டி. கார் வேண்டும் என்று போன் பண்ணும் ஆச்சிகளும் இந்தக் கணக்கிலேயே பேசினார்கள். “தம்பி, நாளன்னிக்கு ராத்திரி சிவப்பு வண்டில பேரன் வர்றான், பெரிய கார் வேணும்ப்பா.” “சரிங்க ஆச்சி, பொட்டி எத்தனை?” அவ்வளவுதான். விமான எண்ணும் வேண்டாம், டிக்கெட்டின் நகலும் வேண்டாம். சிவப்பு என்றால் கோலாலம்பூர், மஞ்சள் என்றால் சிங்கப்பூர் என்று நிறத்தை வைத்தே நேரத்தையும் ஊரையும், வரப்போகும் பெட்டிகளின் எடையையும்கூடச் சொல்லிவிடலாம்.

பள்ளி விடுமுறை என்றால் நானும் அந்தக் காரில் தொற்றிக்கொள்வேன். அம்பாசடரின் முன்சீட்டில் அப்பாவுக்கும் வழியனுப்ப வரும் பெரியவருக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைக்கும். திருமயத்தில் கோட்டை பைரவர் கோயில் வாசலில் வண்டி நிற்காமல் போகாது. சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் அடுத்த கியர். அப்புறம் புதுக்கோட்டை, கீரனூர், மாத்தூர். மாத்தூர் தாண்டியதும் நான் கண்ணாடிப் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். திருச்சி ஓடுதளத்தின் ஒரு முனை புதுக்கோட்டைச் சாலையை ஒட்டியே இருக்கிறது. அந்தப் பக்கமாக இறங்கும் விமானம் சாலைக்கு மேலேயே தாழ்ந்து வரும். பஸ்ஸின் கூரையைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும். சக்கரங்கள் வெளியே நீட்டியிருக்கும், அடிவயிற்றில் விளக்கு சிமிட்டும், டீக்கடைப் பெஞ்சு அதிரும். கடைக்காரர் தலையைத் தூக்காமல் ஆற்றிக்கொண்டிருப்பார்.

*

எங்கள் ஊருக்கு விமானம் அந்நியம் என்று யாராவது நினைத்தால் அது சரியில்லை. கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பழைய ஓடுதளம் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போட்டது. போர் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன. செட்டிநாட்டுக்கு விமான நிலையம் வேண்டும் என்று யாராவது பேசும்போதெல்லாம் இந்த இடத்தைத்தான் கை காட்டுவார்கள். பேச்சு எழும், அடங்கும். ரயில் நிலையம் மட்டும் ‘செட்டிநாடு’ என்ற பெயர்ப் பலகையோடு பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொரு விஷயம், இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், 1909இல் கோட்டையூரில் பிறந்தவர், ஒரு விமானக் கம்பெனியே நடத்தினார். ஜூபிடர் ஏர்வேஸ். போர் முடிந்து மலிவாகக் கிடைத்த டகோட்டா விமானங்களை வைத்துச் சுதந்திரம் வந்த காலத்தில் ஓட்டினார்கள். அவருக்கே விமானம் ஓட்டத் தெரியும், லண்டனில் இருந்தபோது கற்றுக்கொண்டது. 1953இல் மத்திய அரசு உள்நாட்டில் ஓடிய தனியார் விமானக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்குவதற்கு முன்பே ஜூபிடர் நின்றுபோய்விட்டது. அவர் பணத்தையும் நிலத்தையும் கல்லூரிகளுக்கும், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் கொடுத்துவிட்டுப் போனார். ஊருக்கு அதுதான் நல்லது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு டகோட்டாவாவது காட்சிக்கு மிஞ்சியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை.

விமானத்துக்கு முன்னால் கப்பல். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘ரஜூலா’ என்று சொல்லும்போது ஏதோ உறவுக்காரப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். 1926இல் கட்டிய கப்பல். சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். எழுபதுகளில் அது ஓய்ந்ததும் ‘சிதம்பரம்’ கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தும் நின்றது. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் செய்யப் போனவர்களின் பேரன்மார் அதற்குப் பிறகு விமானத்தைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் ஆனார்கள். அந்தக் காலத்தில் அது வசதிப்பட்டவர்களின் வழி. ஒருவர் போனால் மூன்று கார் வழியனுப்பப் போகும். மாலை உண்டு, திருநீறு உண்டு, வாசலில் நிறைகுடம் உண்டு.

*

தொண்ணூறுகளில் திருச்சி விமான நிலையம் சின்னது. வந்து போகும் விமானங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நிறம் என்று பார்த்தால் இரண்டே. இந்தியன் ஏர்லைன்ஸின் ஆரஞ்சு வால் ஒன்று. ஏர் லங்காவின் மயில் ஒன்று. அந்த மயில் முதலில் சிவப்பாக இருந்தது. 1999 வாக்கில் பெயர் ஸ்ரீலங்கன் என்று மாறியபோது மயிலும் நீலமும் பச்சையுமாகத் தோகையை மாற்றிக்கொண்டது. சிங்கப்பூர் போகிறவர்கள் பலர் கொழும்பு போய், அங்கே காத்திருந்து மாறிப் போவார்கள். அதனால் மயில் வண்டி எங்களுக்குக் கொழும்பு வண்டி அல்ல, சிங்கப்பூர் வண்டி. அப்பாவிடம் யாராவது “இலங்கைக்கா போறாங்க?” என்று கேட்டால், “இல்ல, அந்தப் பக்கமாப் போறாங்க” என்பார்.

அப்புறம்தான் கலர் வந்தது. வந்த வேகத்தை இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

மதுரையில் முதலில். 2003இல் பெங்களூரிலிருந்து ஏர் டெக்கான் கிளம்பியது, கேப்டன் கோபிநாத்தின் கம்பெனி. இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும் ஏடிஆர் விமானங்கள். ஆர்.கே.லக்ஷ்மணின் ‘பொதுஜனம்’ கட்டம் போட்ட கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக அதன் அடையாளம். வரி தனி, டிக்கெட் ஒரு ரூபாய் என்று விளம்பரம் வந்ததும், காரைக்குடி பிரவுசிங் சென்டர்களில் ரயில் டிக்கெட் போட வந்தவர்கள் விமான டிக்கெட்டைத் தேடிப் பார்த்தார்கள். ஒரு ரூபாய் டிக்கெட் கிடைத்தவர் என்று யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அது இருக்கிறது என்ற நினைப்பே பலரை மதுரைக்குக் கிளப்பியது. அப்பாவுக்கு அந்தப் பொதுஜனத்தைப் பிடித்துவிட்டது. “இவரு யாரு, கம்பெனி முதலாளியா?” என்று கேட்டார். இல்லை, பேப்பரில் வரும் கார்ட்டூன் ஆள், பேசவே மாட்டார் என்றேன். “அப்பச் சரி, டிக்கெட் எடுக்கிற ஆளு” என்றார்.

2005இல் மூன்று நான்கு கம்பெனிகள் ஒரே ஆண்டில் முளைத்தன. மதுரைக்காரர்களின் பாரமவுண்ட், எம்ப்ரேயர் விமானங்களோடு வந்தது. வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு இருக்கை, அந்தப் பக்கம் இரண்டு, நடு இருக்கை என்ற தொல்லையே கிடையாது. மில் முதலாளிகளும் டாக்டர்களும் அதைத் தவிர வேறெதிலும் ஏற மாட்டார்கள். கிங்ஃபிஷர் சிவப்பும் வெள்ளையுமாக, பறவைப் படத்தோடு வந்தது. ஸ்பைஸ்ஜெட் தன் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு மசாலாச் சாமானின் பெயரை வைத்தது. செட்டிநாட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பார்களா? “கல்பாசின்னு ஒண்ணு இருக்கான்னு கேளு, இல்லேன்னா அது என்ன மசாலா” என்று எங்கள் தெருவில் சமையல் ஆர்டர் எடுக்கும் அண்ணன் ரொம்ப நாள் விசாரித்துக்கொண்டிருந்தார். 2012இல் அதே ஸ்பைஸ்ஜெட்தான் மதுரையிலிருந்து கொழும்புக்குப் பறந்தது, மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம்.

திருச்சியில் நிறம் இன்னும் பெரிய அளவில் வந்தது. 2005இல் தொடங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு விமானத்தின் வாலிலும் ஒரு படத்தை வரைந்திருந்தது. நாட்டின் கோட்டை, ஆட்டம், கலை என்று ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. இன்றைக்கு என்ன வால் வருகிறது என்று பார்ப்பதே எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அதில்தான் கூட்டம். 2008 டிசம்பரில் ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து வந்து இறங்கியது. முழுச் சிவப்பு. ‘இனி எல்லோரும் பறக்கலாம்’ என்பது அவர்கள் வாசகம். டோனி பெர்னாண்டஸ் 2001இல் கடனோடு சேர்த்து அந்தக் கம்பெனியை வெறும் ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கிய கதை மலேசியாவிலிருந்து வரும் உறவினர்களுக்கு மனப்பாடம். சொல்லும்போது தாங்களே வாங்கிவிட்ட தோரணை இருக்கும். பின்னால் டைகர் வந்தது, மலிண்டோ வந்தது, கொழும்பிலிருந்து மிஹின் லங்கா வந்து போனது.

அந்த ஆண்டுகளில் வழியனுப்பும் மூன்று கார் ஒரு காராகச் சுருங்கியது. மாலை காணாமல் போனது. கல்யாணத்துக்கு வந்து, மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்புகிறவர்கள் வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு ட்ரிப் கூடியது. அம்பாசடர் போய்ப் பெரிய கார் வந்தது, மேலே கேரியரும் கயிறும் மட்டும் மாறவில்லை.

*

ஐரோப்பாவில் இந்த மாதிரி மலிவு விமானங்களை விடுமுறை விமானம் என்பார்கள். குளிரில் கிடக்கிறவர்களை வெயிலுக்குக் கூட்டிப்போகும் வண்டி. எங்கள் கதையில் அது தலைகீழ். இங்கிருந்து ஏறுகிறவர் யாரும் விடுமுறைக்குப் போகவில்லை. ஹோட்டலுக்கு, கட்டுமான வேலைக்கு, கடைக் கணக்குக்கு, மகள் பிரசவத்துக்கு. அவர்களோடு குருவிகளும் ஏறுவார்கள். போகும்போது ஒரு பையும், வரும்போது மூன்று பையுமாகச் சரக்குக் கொண்டுவந்து கொடுத்துக் கமிஷன் வாங்கிக்கொள்கிறவர்கள். எல்லாச் சிப்பந்திகளுக்கும் அவர்களைத் தெரியும், அவர்களும் யாரையும் பார்த்துப் பதறுவதில்லை.

விடுமுறை என்பது இங்கே வந்து இறங்கும் சாமான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டுக் கடைசியில்தான் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. அப்போது சிவப்பு வண்டியிலிருந்து இறங்கும் பிள்ளைகளுக்கு ஊரில் எல்லாம் வேடிக்கை. முற்றத்து மழை வேடிக்கை, வீட்டின் இரண்டாங்கட்டில் காயும் வத்தல் வேடிக்கை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு வழுக்கி விழுவதும் வேடிக்கை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியில் சேர்ந்துகொள்ள வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, அங்கேயும் தைப்பூசம் தடபுடல்தான். ஆனாலும் நடை என்றால் பழனி நடைதான் என்று வருவார்கள். வரும்போது காலில் விலையுயர்ந்த ஷூ இருக்கும். அப்பா கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

வந்தவர்கள் திரும்பிப் போகும் நாள்தான் உண்மையான கூத்து. மலிவு விமானத்தில் பெட்டிக்குத் தனிக் காசு. 20 கிலோவுக்குக் கட்டியிருந்தால் 20 கிலோதான், சிவப்பு வண்டி என்றால் கையில் 7 கிலோ. ஆயாவுக்கு, அதாவது வீட்டுப் பாட்டிக்கு, இந்தக் கணக்கு புரியாமல் இல்லை, ஒப்புக்கொள்ள மனசில்லை. முகப்பில் பெட்டியைத் திறந்து போட்டு எடை பார்க்கும் சடங்கு நடக்கும். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கொக்கித் தராசு இரவல் வரும். உலக்கையின் நடுவில் தராசை மாட்டி, இரண்டு பேர் இரண்டு முனையைத் தோளில் வைத்துத் தூக்குவார்கள். பெட்டி தரையை விட்டு ஒரு சாண் எழும்பும். மூன்றாவது ஆள் குனிந்து முள்ளைப் படிக்க வேண்டும். அது பெரும்பாலும் நான்தான்.

“இருபத்தி மூணரை.”

“சரியாப் பாருடா.”

“இருபத்தி மூணரைதான் ஆயா.”

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வரும். போன முறை மலேசியாவிலிருந்து வந்த மைலோ டின்னில் இப்போது மனகோலம் என்ற பலகாரம் இருக்கும். அது நகராது. சீப்புச் சீடை நகராது. கவுனி அரிசி இரண்டு கிலோ, பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லும் அரிசி, இப்போது இங்கிருந்து மறுபடி கடல் தாண்டப் போகிறது, அதில் ஒரு கிலோவைக் குறைக்கலாம் என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வார். மோர் மிளகாய் எடை இல்லாத சாமான், அதை எடுத்து என்ன புண்ணியம். ஊறுகாய் மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதன்மேல் துண்டைச் சுற்றி வைத்திருக்கும். கடைசியில் வெளியே போவது எப்போதும் பேரனின் துணிமணியும் செருப்பும்தான். “அங்க துணி கிடைக்காதா?” என்பது ஆயாவின் வாதம். பேரன் இரண்டு பேன்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு காரில் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். கையில் கொட்டான் ஒன்று, வண்ண ஓலைக் கொட்டான், அதற்குள் வெண்பொங்கலும் துவையலும். விமானத்தில் சாப்பாட்டுக்கும் தனிக் காசு என்று தெரிந்த நாளிலிருந்து கொட்டான் கூடவே போனது.

வரும் பெட்டிகளில் கோடாலித் தைலம், மைலோ, பெரிய பூப்போட்ட போர்வை. எங்கள் வீட்டிலும் அந்தப் போர்வை ஒன்று இன்னும் இருக்கிறது, ஒரு ஆச்சி அப்பாவுக்குக் கொடுத்தது. மார்கழியில்கூடப் போர்த்த முடியாத கனம்.

*

நான் கல்லூரியில் படித்தபோது அப்பாவுக்கு ஹெரிடேஜ் ஹோட்டல் ட்ரிப்புகளும் வர ஆரம்பித்தன. கானாடுகாத்தான் பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள். அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற ஆங்கிலேயர், திருச்சிக்குத் திரும்பும்போது முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று உட்கார்ந்தார். நான் பின்னால், மொழிபெயர்ப்பாளன் என்ற பெயரில். சிவப்பு விமானம் ஒன்று சாலைக்கு மேலே இறங்கியதும் அந்த மனிதர் சின்னப் பையனாகிவிட்டார். லண்டனுக்கு வடக்கே லூட்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவராம். அங்கே கோர்ட் லைன் என்று ஒரு கம்பெனி இருந்தது, அதன் விமானங்கள் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, ஊதா, பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம் என்றார். அப்பாவிடம் சொன்னேன். “இளஞ்சிவப்புன்னா, பஞ்சுமிட்டாய் கலரா?” என்று கேட்டார். அதை அவரிடம் திருப்பிச் சொன்னதும் கைதட்டிச் சிரித்தார். அதேதான் என்றார்.

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1970இல் அந்தப் பெயரோடு தொடங்கிய கம்பெனி. ஸ்பெயினின் கடற்கரைகளுக்கு ஆங்கிலேயத் தொழிலாளர் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போனது. விமானம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலை. பிஏசி ஒன்-இலெவன் விமானங்களோடு ஓடிக்கொண்டிருந்தவர்கள் 1973இல் பெரிய டிரைஸ்டார் விமானங்களையும் வாங்கினார்கள். அதே ஆண்டுக் கடைசியில் எண்ணெய் விலை ஏறியது. மலிவு டிக்கெட்டில் லாபம் என்பதே மயிரிழை, எண்ணெய் ஏறினால் அதுவும் இல்லை. 1974 ஆகஸ்ட் 15, நாம் இங்கே கொடியேற்றி மிட்டாய் கொடுக்கும் நாள், கம்பெனி மூடியது. விடுமுறைக்குப் போன பல்லாயிரம் பேர் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

படிக்கும்போதே எனக்குக் கதை தெரிந்த கதையாக இருந்தது. இங்கேயும் 2008இல் எண்ணெய் விலை ஏறியது. டெக்கான் கிங்ஃபிஷருக்குள் போய்ப் பெயரே மாறியது, பொதுஜனம் போய்விட்டார். பாரமவுண்ட் 2010இல் நின்றது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரோடு தரையிறங்கியது. மதுரைக்கு வந்த ஏர் பெகாசஸ் 2015இல் வந்து 2016இல் போனது. மிஹின் லங்கா அதே 2016இல் ஸ்ரீலங்கனுக்குள் கரைந்தது. 2017இல் டைகர் ஸ்கூட் ஆனது, புலி போய் மஞ்சள் வந்தது. மலிண்டோ 2022இல் பாட்டிக் ஏர் ஆனது. நிறம் மின்னுகிற கம்பெனி சீக்கிரம் அணைகிறது என்று ஒரு விதி சொல்லிவிட ஆசைதான், ஆனால் ஏர் ஏசியாவின் சிவப்பு இன்னும் வந்துகொண்டுதானே இருக்கிறது.

நிறம் என்பது வீண் செலவு என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒரு நடுத்தர விமானத்துக்குப் பூசும் பெயிண்டின் எடையே நூறு கிலோவைத் தாண்டும், அதையும் சுமந்துகொண்டுதான் பறக்க வேண்டும். விமானங்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவை. திருப்பிக் கொடுக்கும்போது நிறத்தை அழித்துக் கொடுக்கணும். வெள்ளை என்றால் வெயில் சூட்டையும் தாங்கும், அடுத்தவருக்குக் கைமாற்றவும் சுலபம். கணக்குப் பார்க்கிறவர் வெள்ளையைத்தான் எடுப்பார். ஆனால் புதிய கம்பெனிக்கு டிவியில் விளம்பரம் கொடுப்பதைவிட, ஒரு நாளைக்கு நான்கைந்து ஊர்களில் இறங்கி ஏறும் விமானத்தையே விளம்பரப் பலகையாக்குவது மலிவு. திருச்சி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டிக்கெட் வாங்கும் எண்ணமே இல்லாமல் அண்ணாந்து பார்த்த எங்களுக்கும் அந்த விளம்பரம் போய்ச் சேர்ந்தது. அடுத்த தலைமுறை டிக்கெட் வாங்கியது.

*

இப்போது திருச்சியில் புது முனையம். 2024 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்தார், ஜூன் முதல் அங்கிருந்துதான் விமானங்கள். சுவரெல்லாம் கோலமும் கோபுரமுமாகக் கண்ணைப் பறிக்கிறது. முன்பு விமானத்தில் இருந்த வண்ணம் கட்டடத்துக்கு வந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டேன். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2023 அக்டோபரில் தன் தோற்றத்தை மாற்றியது. ஆரஞ்சும் நீலப்பச்சையுமாக உடம்பு, வாலில் கோட்டை கொத்தளத்துக்குப் பதிலாகத் துணி வடிவங்கள். பாந்தினி, அஜ்ரக், காஞ்சிபுரப் பட்டு என்று வரிசை. இதை என் அத்தையிடம் சொன்னது எனக்கு வம்பாகப் போயிற்று. “அப்பக் கண்டாங்கி?” என்றாள். 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்தே அவளுக்கு இந்த விஷயத்தில் அதிகாரம் கூடியிருக்கிறது. மஞ்சள் உடம்பு, அரக்குக் கட்டம், அகலக் கரை. வாலில் கரை எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதுவரை அவளிடம் யோசனை இருக்கிறது. கரை முன்பக்கம் வந்தால்தான் ஏறும்போது தெரியுமாம், பின்பக்கம் வந்தால் மடிப்பில் மறைந்தது கணக்குத்தானாம்.

அப்பா கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு, விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலியைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பது இப்போது அவர் வேலை. நான்தான் இறக்கிக் கொடுத்தேன். முதல் நாளே புகார் வந்தது. “என்னடா இது, எல்லாமே மஞ்சளாப் போட்டிருக்கான். இதுல எது சிவப்பு வண்டி?” தொட்டுப் பார்த்தால் பெயர் வரும் என்றேன். பெயர் எனக்கு எதுக்கு என்றார். ஆனாலும் விடவில்லை. நடு ராத்திரியில் வங்காள விரிகுடாவைத் தாண்டி எங்கள் கரைப்பக்கம் வரும் பொம்மை விமானத்தைப் பார்த்து, “இது அதுதான், வழக்கமான நேரம்” என்று சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் நெருங்குகிறது. போன வாரம் பள்ளத்தூர் ஆச்சி அப்பாவுக்குத்தான் போன் பண்ணினார், கார் இல்லை என்று தெரிந்தும். ஈப்போவிலிருந்து பேத்தி குடும்பத்தோடு வருகிறதாம். அப்பா முதலில் கேட்டது, “எந்த வண்டிங்க ஆச்சி?” மறுமுனையில் ஆச்சி சத்தமாகச் சொன்னது எனக்கே கேட்டது. “அது இன்னும் முடிவாகலப்பா. எது எத்தனை கிலோ விடுறான்னு நீ விசாரிச்சுச் சொல்லு. அதுக்கப்புறம்தான் மனகோலத்துக்கு மாவு அரைக்கக் குடுக்கணும்.”